அரைக் கரண்டி

போட்டிக் கம்பெனியான காஸ்ட்னரின் வண்டியை உறைந்த ஏரியின் வட்டப் பாதையில் ஏற்றி இரண்டாம் சுற்று போய்க்கொண்டிருக்கும்போது, ரோஸ்விதா வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி கூடுதலாக மிதித்தாள். பின்சக்கரங்கள் பிடி விட்டன. வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசியது. அவள் கை தானாகவே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியது. அதற்குள், சறுக்கலை அடக்குவதற்கென்றே வண்டியில் இருந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல் விழித்துக்கொண்டு எஞ்சினின் இழுவையைக் குறைத்தது. வால் அடங்கி உள்ளே வரத் தொடங்கியது. இதுவரை எல்லா வண்டியும் செய்கிற காரியம். ஆனால் இழுவை திரும்ப வரும்போது பாதி வந்து நின்றது. எதிர்ப்பக்கம் திருப்பிய கை நேராகும்வரை பொறுத்திருந்தது. கை நேரானதும் மீதியைக் கொடுத்தது.

வட்டத்தைவிட்டு விலகி, பனியை ஒதுக்கிக் குவித்திருந்த ஓரத்தில் வண்டியை நிறுத்தினாள். கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். வெளியே மைனஸ் இருபத்தாறு, உள்ளங்கை வியர்த்திருந்தது.

“ரோஸ்விதா, என்ன நின்னுட்டீங்க? வண்டி மக்கர் பண்ணுதா?” ரேடியோவில் தில்மன் கேட்டான். கரையில் இருந்த மரக்கொட்டகையில் கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான்.

“இல்ல. இன்னும் ரெண்டு சுத்து போறேன்.”

“சாயங்காலத்துக்குள்ள மேட்டுப் பாதையும் முடிக்கணும், பாத்துக்கங்க.”

ரெண்டு சுற்று என்றவள் எத்தனை சுற்று போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மெருகேற்றிய பனிக்கட்டியில், மேலே தூள் கிடந்த இடத்தில், ஒரு பக்கச் சக்கரம் பனியிலும் மறுபக்கச் சக்கரம் தாரிலும் ஓடும் மேட்டில், எல்லா இடத்திலும் வண்டியைச் சறுக்கவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அது பாதி கொடுத்தது, கையைப் பார்த்தது, மீதியைக் கொடுத்தது. ஒரு வளைவில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். தன் கையெழுத்தை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் பார்ப்பதுபோல் இருந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்காக அவள் பின்னால் வெகுவாக வெட்கப்பட்டாள்.

ஆர்யெப்லோக் என்ற அந்த வடகோடி ஊரின் ஏரிகளில் குளிர்காலம் முழுக்க கார் கம்பெனிகள்தான் குடியிருக்கும். ஒரே ஏரியை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டு நடுவில் பனிச்சுவர் எழுப்பியிருப்பார்கள். பகலில் ஒருவர் வண்டியை மற்றவர் பார்க்கக்கூடாது என்று திரை கட்டுவார்கள். இரவில் எல்லாரும் அந்த ஊரின் ஒரே பீட்சாக் கடையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தலைமுடி நரைக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ரோஸ்விதா இங்கே வந்துகொண்டிருக்கிறாள். ஹெல்மர்ட் கம்பெனி செய்யும் அதிவேக வண்டிகளைச் சறுக்கவிட்டு, சறுக்கலை அவை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்து, எண்களை மாற்றி, மறுபடி சறுக்கவிடுவது அவள் வேலை. இந்த வருஷம் கூடவே போட்டிக் கம்பெனிகளின் வண்டிகளையும் விலைக்கு வாங்கி ஏற்றி வந்திருந்தார்கள். பத்திரிகைகள் நடத்துகிற ஒப்பீட்டில் ஹெல்மர்ட் தொடர்ந்து கடைசியில் நின்றதால் மேலிடத்துக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது.

காரணம் ரோஸ்விதாவுக்கு ஏரிக்கு வராமலே தெரியும். இத்தாலிக்காரன் வண்டி கடைசிவரை வேடிக்கை பார்த்துவிட்டு, திடீரென்று கழுத்தைப் பிடித்து இழுக்கும். சின்ன வளைவில் அது குஷியாக இருக்கும், நீண்ட வளைவில் அடிவயிற்றைக் கலக்கும். இங்கிலாந்து வண்டி சறுக்குவதற்கு முன்னாலேயே பயந்துபோய் எஞ்சினை அமுக்கிவிடும். ஓட்டுகிறவருக்குத் தன் கால்தான் மரத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். ஜப்பான் வண்டி ஒவ்வொரு சக்கரமாக பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டே போகும், சிவப்பு மையோடு உட்கார்ந்த கணக்கு வாத்தியார்போல. தப்பு வராது, ஓட்டிய சந்தோஷமும் வராது. ஹெல்மர்ட் வண்டியோ இழுவையை வெட்டும், மொத்தமாகக் கொடுக்கும், மறுபடி வெட்டும். பனியில் விக்கல் எடுத்தபடி போகும். வாங்கியவர்களில் பாதிப் பேர் பட்டனை அழுத்தி அந்தக் கன்ட்ரோலை அணைத்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். அணைக்காதவர்களின் கதி இன்னும் மோசம். மொத்தமாகத் திரும்பி வருகிற இழுவைதான் ஆபத்து. ஓட்டுகிறவர் பயத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கும் நேரத்தில் முழு இழுவையும் வந்து விழுந்தால், வண்டி மறுபக்கம் வீசும். முதல் வீச்சில் தப்பியவர்கள் அந்த இரண்டாவது வீச்சில்தான் மரத்தில் மோதுகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் மழையில் போன ஒரு பல் டாக்டர் அப்படித்தான் மோதினார். அந்த அறிக்கையை ரோஸ்விதா சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

இதற்கு மருந்தை அவள் எப்போதோ கண்டுபிடித்திருந்தாள். அவளும் உடன் வேலை பார்த்த வெண்டலினும் ஒரே வண்டியில் குளிர்காலங்களைக் கழித்த காலம் அது. அவள் ஓட்டுவாள், பக்கத்து இருக்கையில் அவன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவள் சொல்வதை எண்ணாக மாற்றுவான். அவன் பிளாஸ்கில் அவளும் அவள் ரொட்டியில் அவனும் கேட்காமல் கைவைப்பார்கள். இழுவையைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஓட்டுகிறவரின் கையைக் கேட்க வேண்டும் என்று அவள் அவனிடம் ஒருநாள் காலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பிடிபடவில்லை. கம்பெனி கேன்டீனில் பெர்டா என்று ஒரு பருத்த பெண்மணி பரிமாறுவாள். பாதிக் கரண்டி பருப்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். போதுமா என்று கேட்கமாட்டாள். முகத்தைப் படித்து மீதியை ஊற்றுவாள், இல்லாவிட்டால் கரண்டியைத் திருப்பிக்கொள்வாள். அன்று வரிசையில் நின்ற வெண்டலின் தட்டை ஏந்தியபடியே கத்தினான்.

“ரோசி! இதத்தான நீ காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்க?”

பெர்டா, “கத்தாதய்யா, பருப்பு தீந்துடாது” என்றாள்.

அதற்கு பெர்டா என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு குளிர்காலம் பாடுபட்டார்கள். பிறகு தலைமைப் பொறியாளர் க்ராமர் முன்னால் கூட்டம் நடந்தது. நனைந்த பந்தயப் பாதையில் பெர்டா இருந்தால் ஒரு சுற்றுக்கு அரை நொடிக்கும் குறைவான நேரம் வீணாகிறது என்று ஒரு படம் காட்டினார்கள். க்ராமர் வெண்டலினைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

வெண்டலின் மேஜையைப் பார்த்தபடி சொன்னான்: “யோசனை நல்லதுதான். ஆனா ஓட்டத் தெரியாதவங்களுக்கு. நம்ம வண்டிய வாங்கறவங்க அப்படி இல்ல. ரோஸ்விதாவுக்கு இதுமேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி.”

எல்லாரும் சிரித்தார்கள். பெர்டா ஃபைலுக்குள் போனாள். படியிறங்கும்போது அவன், “அவரு முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு ரோசி. நமக்கும் வேலைன்னு ஒண்ணு வேணும்ல” என்றான். அவள் அதை நம்பினாள். பயந்த மனிதனை மன்னிப்பது சுலபமாக இருந்தது. வசந்தம் வந்ததும் அவன் காஸ்ட்னருக்குப் போனான். போகிற அன்று அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் போயிருந்தான்.

கொட்டகைக்குத் திரும்பி, பூட்ஸின் ஆணிகள் பலகையில் கீச்சிட நடந்துபோய், காஸ்ட்னர் வண்டிக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டாள். மற்றவற்றுக்கு ஆறு, ஏழு. சொந்த வண்டிக்கு ஐந்து.

தில்மன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “ஒன்பதா? நீங்க உங்க கல்யாணத்துக்கே ஆறுதான் போடுவீங்க.”

“ஆறா? நாலு.”

அவன் சிரித்தான்.  பெர்டாவைப் பற்றி அவனிடம் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு வெண்டலினின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் இருப்பது ஒரே பெட்ரோல் பங்க். மறுநாள் காலை காஸ்ட்னர் வண்டிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது, இன்னும் விற்பனைக்கு வராத, கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டி உருவம் மறைத்த வண்டி ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. தாடியில் உறைபனி பூத்த வெண்டலின் இறங்கினான். உடம்பு போட்டிருந்தான். முதலில் வண்டியைப் பார்த்தான், அப்புறம்தான் அவளை.

“அட, எங்க வண்டி! வாங்கிட்டீங்களா? எப்படி இருக்கு? ஒழுங்கா மார்க் போட்டியா, இல்ல வயித்தெரிச்சல்ல குறைச்சிட்டியா?”

“ஒன்பது போட்டேன்.”

“ஒன்பதா!” அவன் உண்மையாகவே மலர்ந்தான்.

“பெர்டாவுக்கு” என்றாள்.

அவன் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, உள்ளிருந்து மட்டும் யாரோ விளக்கை அணைத்ததுபோல் ஆயிற்று. சுற்றுமுற்றும் பார்த்தான். “குளிருது. உள்ள வா, காபி குடிப்போம்.”

உள்ளே உருளைகள்மேல் தொத்திறைச்சிகள் சுழன்றுகொண்டிருந்தன. மரலாரிக்காரர் ஒருவர் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இருந்த, நின்றபடி குடிக்கும் மேஜையில் அவன் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தான். அவளுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

“நீ உக்காந்தா கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும்” என்றான். “உன்னைத் தவிர உலகத்துல யாராலயும் முடியாது.”

“காப்புரிமை யார் பேர்ல இருக்கு?”

“கம்பெனி பேர்ல.”

“கண்டுபிடிச்சவர்னு ஒரு பேரு போடுவாங்களே, அது?”

அவன் கோப்பையின் விளிம்பைத் துடைத்தான். “நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா ரோசி? கூட்டம் முடிஞ்சு படியிறங்கறப்ப, ‘அதக் கொண்டுபோய் ஏரியில போடு’ன்ன. நான் போடல. அவ்ளோதான் நான் பண்ணது.”

சொன்னாள்தான். சொன்ன இடம்கூட நினைவிருந்தது, இரண்டாம் மாடித் திருப்பம், செடித்தொட்டி அருகில்.

“நீ கூட்டத்துல அப்படிப் பேசினதுக்கப்புறம் சொன்னேன்.”

“நான் பேசாட்டியும் க்ராமர் தூக்கிப் போட்டிருப்பாரு.”

“அப்ப ஏன் பேசின? வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?”

“என் நிலைமை உனக்குப் புரியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கே காஸ்ட்னர்ல எல்லாம் பேசி முடிஞ்சு…” அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

லாரிக்காரர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார். குளிர் ஒரு தடவை உள்ளே வந்து போயிற்று. கூட்டம் நடந்தது மார்ச் மாதம், ஏரியிலிருந்து திரும்பிய கையோடு. அவள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். அந்த வருஷக் குளிர்காலம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ரொட்டியைத் தின்று, அவள் சொன்னதையெல்லாம் எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தவன் ஏற்கெனவே வேறு வீட்டுக்குப் பெட்டி கட்டியவன். ஹெல்மர்ட் பெர்டாவை ஏற்றுக்கொண்டிருந்தால் அவன் அங்கே வெறுங்கையோடு போயிருப்பான். க்ராமர் தூக்கிப் போட வேண்டும் என்பது அவனுக்குத் தேவையாக இருந்தது. இத்தனை வருஷமாக அவள் ஒரு கோழையை மன்னித்துவைத்திருந்தாள். அப்படி ஒரு கோழை இருந்ததே இல்லை.

“நாங்க வெச்சுக்கிட்டிருந்தா உனக்கு எடுத்துட்டுப் போக ஒண்ணும் இருந்திருக்காது. அதான?”

வெண்டலின் குரலை உயர்த்தவில்லை. “எத்தன பேரு அதால உயிரோட வீடு போய்ச் சேந்திருக்காங்கன்னு யோசிச்சியா? உங்க கம்பெனில அது ஃபைலுக்குள்ள செத்துக் கிடந்திருக்கும். நான் வாழ வெச்சேன். திட்டணும்னா திட்டிக்க. ஆனா அது ரோட்ல ஓடுது.”

அதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளால் பேசியிருக்க முடியும். அவள் காபியை ஒரு மடக்குக் குடித்தாள். ஆறியிருந்தது.

“பெர்டா போன வருஷம் போயிட்டா” என்றாள். “அடக்கத்துக்கு கேன்டீன் ஆளுங்க வந்திருந்தாங்க, அப்புறம் நான். நீ வருவேன்னு நெனச்சேன்.”

அவன் புருவத்தைச் சுருக்கினான். “எந்த பெர்டா?”

ரோஸ்விதா கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பெட்ரோல் எப்போதோ நிரம்பி, குழாய் தானாக நின்றிருந்தது.

அன்று மதியமே தில்மனிடம் சொன்னாள். அவன் மோசமானவன் இல்லை. அவளைவிட வெகுவாக இளையவன், அவளுக்கு மேலே உட்கார்ந்திருப்பதில் அவனுக்கே ஒரு கூச்சம் உண்டு. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, ஹீட்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கடைசிவரை கேட்டான். நடுவில், “சே, என்ன மனுஷன்” என்றான். அவள் முடித்ததும் கொஞ்ச நேரம் தன் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பழைய ஃபைல் ஆபீஸ்ல இருக்கும். தேதியோட இருக்கும்” என்றாள் ரோஸ்விதா. “கோர்ட்டுக்குப் போகலாம்.”

“போகலாம். போனா முதல் கேள்வி, இவ்ளோ நல்ல சாமான் கையில இருந்தும் ஏன் விட்டீங்கன்னு வரும். அன்னைக்கு வேண்டாம்னு சொன்னவரு இப்ப எங்க உக்காந்திருக்காருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். க்ராமர் இப்போது நிர்வாகக் குழுவில் இருந்தார். வருஷக் கடைசி விருந்தில் எல்லாருடனும் கைகுலுக்குவார். ரோஸ்விதாவின் கையையும் குலுக்கி, ‘ஏரி எப்படி இருக்கு?’ என்று கேட்பார்.

“அவரு தப்புப் பண்ணாருன்னு நான் எழுதி அனுப்பணுமா? அனுப்பினா அடுத்த குளிர்காலம் நீங்களும் இங்க இருக்கமாட்டீங்க, நானும் இருக்கமாட்டேன்.” அவன் ஸ்டூலை முன்னால் நகர்த்தினான். “காலைல மேலேர்ந்து போன் வந்துச்சு. உங்க ஒன்பதைப் பாத்துட்டாங்க. காஸ்ட்னர் வண்டி நடந்துக்கற மாதிரியே நம்ம வண்டியும் நடந்துக்கணுமாம். ஆனா காப்புரிமைல மாட்டக்கூடாது. அவங்க கையைக் கேக்கறாங்களா, நாம வேற எதையாவது கேட்டுக்கலாம். உங்களைவிட இத யாரு நல்லாப் பண்ணுவாங்க, சொல்லுங்க?”

ஹீட்டர் கரகரத்தது. “என்னோடத மாதிரியே இருக்கணும்” என்று ரோஸ்விதா நிதானமாகச் சொன்னாள். “ஆனா என்னோடதா இருக்கக்கூடாது.”

“கரெக்டா சொல்லிட்டீங்க” என்றான் தில்மன். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

முடியாது என்று சொல்லிவிடலாம். அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து அடுக்கவும் செய்தாள். கம்பளிச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பல் டாக்டர் ஞாபகம் வந்தது. அறிக்கையில் அவருடைய ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் நின்றிருந்தது என்று ஒரு வரி இருந்தது. மனிதர் சரியாகத்தான் திருப்பியிருந்தார். வண்டிதான் அவரைக் கேட்கவில்லை. அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தன்னை மறுபடி மடக்கிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. மடக்கியது எது என்பதும் தெரிந்தது. அதை யார்மேலும் வீசி எறிய முடியவில்லை என்பதுதான் வாயில் கசந்தது.

கைக்குப் பதிலாகக் காலைக் கேட்பது என்று முடிவானது. ஆக்ஸிலேட்டரில் கால் எப்படி நடுங்குகிறது என்று பார்த்து இழுவையைத் திருப்பிக் கொடுப்பது. கால் பொய் சொல்லும் என்று ரோஸ்விதாவுக்குத் தெரியும். பயந்த கால் சில சமயம் மரத்துப்போய் அசையாமல் கிடக்கும், சில சமயம் இன்னும் அழுத்தும். கையை நம்பலாம், கை பிழைக்கப் பார்க்கும். இருந்தாலும் கையின் மேல் இப்போது வேறொருவர் பெயர் எழுதியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, தெளிந்த பகல் ஒன்றில், ஹெல்மர்ட் வண்டியை வட்டத்தில் விட்டாள். பக்கத்து இருக்கையில் தில்மன் மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். மிதித்தாள். வால் வீசியது. இழுவை குறைந்தது, திரும்ப வரும்போது தயங்கியது, அவசரப்பட்டது, தயங்கியது. வண்டி தும்மல் வராத மூக்குபோல இழுத்துக்கொண்டே போய் நேரானது.

“பரவாயில்லையே! முன்னைக்கு எவ்ளோ தேவல” என்றான் தில்மன். “இன்னும் கொஞ்சம் அது மாதிரி வந்துட்டா போதும்.”

“எது மாதிரி?”

அவன் குனிந்து எண்களை மாற்றத் தொடங்கினான். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

பனிச்சுவருக்கு அந்தப் பக்கம் காஸ்ட்னர்காரர்களின் வட்டம். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. அது கிளப்புகிற பனித்தூள் மட்டும் சுவருக்கு மேலே, தாழ்ந்த வெயிலில் பொன்னாக, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் தூள் குபீரென்று எழுந்தது. உடனே தாழ்ந்தது. பிறகு பாதி உயரத்துக்கு எழுந்து அங்கேயே நின்றது. ரோஸ்விதா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மடியில் கிடந்த அவள் கைகள் எதையோ மெல்ல நேராக்கின. தூள் அதன்பிறகே முழுதாக எழும்பி, வெயிலில் விரிந்து, சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அவர்கள் வண்டியின் கண்ணாடிமேல் ஓசையின்றி இறங்கத் தொடங்கியது.